ஜனவரி 24 இல் பிறந்த மகனை முதலாம் தரத்தில் இந்த முறை சேர்ப்பதா, ஒரு வருடம் பொறுப்பதா?

தங்கச்சி, நீங்கள் எழுதிய விபரங்களை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன். இதே யோசனையில் இருக்கும் வேறு பெற்றோருக்கும் உதவும். மகன் ஜனவரி 24 இல் பிறந்தவன். வெள்ளவத்தையில் குடியிருக்கிறீர்கள், பக்கத்தில் தமிழ்மொழி மூல அரசாங்கப் பாடசாலை இருக்கிறது. வருட நடுப்பகுதியில் முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். நேர்சரி ஆசிரியை, "வகுப்பில் வாயே திறப்பதில்லை, பென்சிலும் சரியாகப் பிடிப்பதில்லை, இன்னொரு வருடம் யூ.கே.ஜி.யில் இருக்கட்டும்" என்கிறார். நியூ ஜேர்சியில் இருக்கும் உங்கள் மச்சாள், "இங்கே எல்லோரும் பிந்தித்தான் விடுகிறார்கள், பிள்ளை வகுப்பில் முதலாவதாக வருவான்" என்கிறார். மாமியார், "வயது வந்தால் அனுப்ப வேண்டியதுதானே" என்கிறார். நீங்கள் நடுவில் நித்திரையைத் தொலைத்துவிட்டு நிற்கிறீர்கள்.

நான் கொழும்பில் தமிழ்மொழி மூல முதலாம் தரத்தில் 28 வருடம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அனுப்புங்கள். உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி, அவர் சொல்லும் காரணம் மட்டும் போதாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம். நம் இலங்கையில் பாடசாலைக் கட்டாய வயது 5 இல் ஆரம்பிக்கிறது. முன்பு 14 வரை என்று இருந்ததை 2016 இல் 16 வரை நீட்டினார்கள், தொடக்க வயதைத் தொடவில்லை. அரசாங்கப் பாடசாலைகளில் முதலாம் தரத்துக்கு, அந்த வருடம் ஜனவரி 31 ஆம் திகதி பிள்ளைக்கு ஐந்து வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். உங்கள் மகன் அந்தக் கோட்டை ஏழு நாளில் தாண்டுகிறான். பெப்ரவரி 2 இல் பிறந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, அவன் தானாகவே அடுத்த வருடப் பிள்ளையாகி, வகுப்பில் மூத்தவனாக இருந்திருப்பான்.

ஒரு வருடம் பிந்தினால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அடுத்த ஜனவரி 31 இல் அவனுக்கு ஆறு வயதும் ஏழு நாளும். நான் அமர்ந்திருந்த நேர்முகப் பரீட்சைச் சபைகளில் ஐந்து முடிந்து ஆறு முடியாத பிள்ளைகளின் விண்ணப்பங்களைத்தான் முதலில் எடுத்தோம். ஆறைத் தாண்டிய பிள்ளைகளின் விண்ணப்பங்கள், இடம் மிஞ்சினால் பார்ப்பதற்கென்று ஒரு பக்கமாக இருக்கும். கொழும்பில் பெயர் பெற்ற பாடசாலைகளில் இடம் மிஞ்சுவதை நான் கண்டதில்லை. இடங்கள் பிரிக்கப்படும் விதமும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: அருகில் வசிப்போருக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே அங்கே படிக்கும் பிள்ளைகளின் சகோதரருக்கு 15 என்று நீண்ட காலமாக இருந்து வந்தது. நீங்கள் பழைய மாணவி இல்லை, இவன் மூத்த பிள்ளை. ஆகவே வீட்டு முகவரியும் வாக்காளர் இடாப்பும்தான் உங்கள் பலம். அந்தப் பலத்தை, மகனின் வயது சரியாகப் பொருந்தும் ஒரே வருடத்தில் பயன்படுத்தாமல் விடுவதற்கு மிகப் பெரிய காரணம் இருக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர் அடுத்த வருடமும் உங்களை அங்கே வைத்திருப்பார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. விண்ணப்பம் கோரும் சமயத்தில் வெளியாகும் அந்த வருடச் சுற்றறிக்கையை, தமிழ்ப் பிரதியை, நீங்களும் கணவரும் ஒரு வரி விடாமல் வாசியுங்கள். வேன்காரர் சொன்னார், பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிப்பதில்லை. விண்ணப்பம் போடும்போது உங்கள் மகனுக்கு நாலரை வயதுகூட ஆகியிருக்காது. நாலரை வயதுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, "இவன் எப்படி முதலாம் தரத்தில் இருப்பான்" என்று பயப்படுகிறீர்கள். அவன் வகுப்பில் போய் அமர்வதற்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அந்த வயதில் ஏழு மாதம் என்றால் என்ன என்று, போன வருடம் இதே மாதம் எடுத்த அவனுடைய வீடியோ ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

நேர்சரி ஆசிரியை பொய் சொல்லவில்லை. அவர் கண் முன்னால் உட்கார்ந்திருக்கும் இருபது பிள்ளைகளில் உங்கள் மகன் உண்மையிலேயே பிந்தித்தான் நிற்கிறான். ஏன் என்றால், அவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் இவன் பிறப்பதற்கு முந்தைய பெப்ரவரியில் பிறந்தவன், பதினொரு மாதம் மூத்தவன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் என்பது அது வாழ்ந்த காலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பதினைந்து வயதில் அதே ஒரு வருடம் பதினைந்தில் ஒரு பங்கு. நாலு வயதுப் பிள்ளையையும் ஐந்து வயதுப் பிள்ளையையும் ஒரே வாங்கில் இருத்திவிட்டு, இளையவனைப் பார்த்து "இவன் மெதுவு" என்று சொல்லிவிடுகிறோம். என் வகுப்பு இடாப்பில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் பிறந்த மாதத்தைப் பென்சிலால் எழுதிவைக்கத் தொடங்கிய பிறகுதான், நானே எத்தனை பிள்ளைகளைப் பற்றித் தப்பாக நினைத்திருந்தேன் என்று எனக்கு விளங்கியது.

வெளிநாட்டு ஆராய்ச்சிகளும் இதைக் காட்டுகின்றன. கெலி பெடார்ட், எலிசபெத் டூயி என்ற இரண்டு பொருளியலாளர்கள் பல நாட்டுப் பரீட்சைப் புள்ளிகளை ஒப்பிட்டு 2006 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தினால், நாலாம் தரத்தில் வகுப்பின் மிக இளைய பிள்ளைகள் மூத்தவர்களைவிட 4 முதல் 12 இடம் பின்னால் நிற்கிறார்கள், எட்டாம் தரத்தில் 2 முதல் 9 இடம். இடைவெளி குறைகிறது, ஆனால் ஒரே நாளில் மறைந்துவிடுவதில்லை. 2018 இல் அமெரிக்காவில் வெளியான இன்னொரு ஆய்வு எனக்குப் பெரிய பாடம். செப்டெம்பர் 1 ஐ எல்லையாக வைத்திருக்கும் மாநிலங்களில், ஓகஸ்டில் பிறந்த, அதாவது வகுப்பில் மிக இளைய பிள்ளைகளுக்கு, ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாடு இருப்பதாக வைத்தியர்கள் முடிவு கட்டியது, செப்டெம்பரில் பிறந்தவர்களைவிட 34 வீதம் அதிகம். பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ 85 பேர், மற்றப் பக்கம் 64 பேர். ஒரு மாத வித்தியாசத்தில் பிறந்த பிள்ளைகளின் மூளை இப்படி மாறிவிடாது. வயதுக்கேற்ற சிறுபிள்ளைத்தனத்தைப் பெரியவர்கள் நோய் என்று வாசித்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டால், "அப்படியென்றால் பிந்தி விடுவதுதானே நல்லது" என்று உங்களுக்குத் தோன்றும். உங்கள் மச்சாளும் அதைத்தான் சொல்கிறார். டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு அவருக்குச் சாதகமாகவும் இருக்கிறது: ஒரு வருடம் பிந்தித் தொடங்கிய பிள்ளைகளிடம் கவனச் சிதறலும் துருதுருப்பும் ஏழு வயதில் தெளிவாகக் குறைந்திருந்தன, பதினொரு வயதிலும் அந்த வித்தியாசம் நிலைத்தது. ஆனால் அங்கே அந்த ஒரு வருடத்தைப் பிள்ளை எங்கே கழிக்கிறது என்று பார்க்க வேண்டும். அரசாங்க ஆதரவோடு நடக்கும், விளையாட்டையே பாடமாக வைத்திருக்கும் நல்ல சிறுவர் நிலையங்களில். நோர்வேயில் பதினெட்டு வயது இளைஞர்களின் அறிவுத்திறன் புள்ளிகளை வைத்துப் பார்த்தபோது, எந்த வயதில் பாடசாலை தொடங்கினார்கள் என்பது கிட்டத்தட்ட எந்த வித்தியாசமும் செய்திருக்கவில்லை. பிந்தித் தொடங்கியவர்கள் உழைக்கத் தொடங்குவதும் பிந்தியதால், இளவயதில் அவர்களுடைய சம்பாத்தியம் சற்றுக் குறைவாக இருந்து, முப்பதை நெருங்கும்போது சமமானது.

அமெரிக்காவில் "எல்லோரும்" பிந்துவதும் இல்லை. கிண்டர்கார்டனுக்கு ஒரு வருடம் பிந்திச் செல்லும் பிள்ளைகள் நூற்றுக்கு நாலைந்து பேர்தான். அவர்களிலும் வசதியான வீட்டு ஆண் பிள்ளைகளே அதிகம். அதற்கு அங்கே 'ரெட்ஷேட்டிங்' என்று ஒரு பெயரும் உண்டு. கல்லூரி அணிகளில் ஒரு வீரரைப் போட்டியில் இறக்காமல் ஒரு வருடம் பயிற்சியில் மட்டும் வைத்திருக்கும் வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. உங்கள் மச்சாளின் அயலில் அப்படிச் செய்வது வழக்கமாக இருக்கலாம். அவருடைய மாநிலத்துச் சட்டம் அவருக்கு அந்த வசதியைக் கொடுத்திருக்கிறது, இங்கே உங்களுக்கு அது இல்லை.

இங்கே அந்த மேலதிக வருடம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பாருங்கள். முன்பள்ளிகள் மாகாணங்களின் கீழ் வருபவை. பெரும்பாலானவற்றைத் தனியாரும் சமய நிறுவனங்களும் நடத்துகிறார்கள். எல்லோருக்கும் பொதுவான ஒரு பாடத்திட்டம் நீண்ட காலம் இருக்கவில்லை. மரியா மொண்டிசோரி அம்மையார் 1944 இல் கொழும்புக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனார். அவருடைய பெயரைப் பலகையில் போட்டுக்கொண்டு, நாலு வயதுப் பிள்ளைக்கு டிக்டேஷன் வைக்கும் இடங்கள் கொழும்புக் காலி வீதியின் இரு பக்கமும் இருக்கின்றன. எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு. உங்கள் மகன் அதே யூ.கே.ஜி.யில் மறுபடி இருந்தால், அதே புத்தகத்தை, அதே பாட்டை, அதே நிறந்தீட்டும் தாளைத் திரும்பச் செய்வான். கூட இருந்த பிள்ளைகள் வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்டு பெரிய பள்ளிக்கூடம் போவதை வேன் யன்னலால் பார்ப்பான். "நான் ஏன் அம்மா போகவில்லை" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்?

மாறாக, அரசாங்கப் பாடசாலையின் முதலாம் தரம் பலர் பயப்படும் அளவுக்கு இறுக்கமானது இல்லை. 1999 இல் நாடு முழுவதும் வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தத்தில் முதலாம், இரண்டாம் தரங்களை ஒரே நிலையாக்கி, வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்று மூன்றாகப் பிரித்தார்கள். அதில் முதலாம் தரத்தில் விளையாட்டுக்கே கூடிய இடம் கொடுத்தார்கள். புதிதாக வரும் பிள்ளை எதைச் செய்யும், எதற்குத் தடுமாறும் என்று ஆசிரியர் அவதானித்து எழுதிவைக்கும் இனங்காணல் முதல் வாரங்களில் நடக்கும். அதற்குப் பிறகுதான் முறையான வரவேற்பு விழா வைத்து, இரண்டாம் தரப் பிள்ளைகள் கைபிடித்து உள்ளே அழைத்துப் போவார்கள். 11.30 க்குப் பள்ளிக்கூடம் விட்டுவிடும். எல்லா ஆசிரியர்களும் இதை எழுத்துக்கு எழுத்து செய்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். நாற்பது பிள்ளை உள்ள வகுப்பில் விளையாட்டு சுருங்கி மேசை வேலை பெருத்துவிடுவதும் நடக்கிறது. ஆனாலும் இளைய பிள்ளைக்கு இடம் வைத்துத்தான் அந்தப் பாடத்திட்டத்தை எழுதினார்கள்.

இனி, அவன் வகுப்பில் பேசுவதில்லை என்ற விடயம். உங்கள் கேள்வியில் என்னை அதிகம் நிறுத்திய வரி இதுதான். வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். கீழ் வீட்டுப் பிள்ளைகளோடும் வேன் அங்கிளோடும் சிங்களம். நேர்சரியில் "ஸிட் டவுன், லைன் அப்" என்று ஆங்கிலம். கொழும்பில் பிறந்த நம் பிள்ளைகள் நாலு வயதில் மூன்று மொழிக்குள் நீந்துகிறார்கள். புதிய மொழிச் சூழலுக்குள் போகும் பிள்ளை சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டே இருக்கும். மொழி படிப்பிப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த மௌனக் காலம். உங்கள் மகன் வீட்டில் கதை சொல்கிறானா, சண்டை பிடிக்கிறானா, "ஏன், எதற்கு" என்று உயிரை வாங்குகிறானா? நீங்கள் எழுதியதைப் பார்த்தால், செய்கிறான். அப்படியென்றால் அவன் பேசத் தெரியாத பிள்ளை இல்லை, ஆங்கிலத்தில் இன்னும் பேசத் தொடங்காத பிள்ளை. தமிழ் வகுப்புக்குப் போனால் அவனுடைய பாதிச் சுமை குறையும். இதே காரணத்துக்காக அவனை இன்னொரு வருடம் ஆங்கில நேர்சரியில் வைப்பது எனக்கு விளங்கவே இல்லை.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். அவளும் ஜனவரிப் பிள்ளை, எல்லோருக்கும் இளையவள். முதலாம் தவணை முழுக்க ஒரு சொல் பேசவில்லை. தலையாட்டுவாள், அவ்வளவுதான். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை முடிந்து வந்த நாள், நான் கரும்பலகையில் திகதியும் கிழமையும் எழுதிவிட்டுத் திரும்புகிறேன். முன் வாங்கிலிருந்து மெல்லிய குரல்: "டீச்சர், இன்றைக்குத் திங்கள் இல்லை, செவ்வாய்." வெண்கட்டியைக் கையில் வைத்தபடி நான் அப்படியே நின்றுவிட்டேன். நாலு மாதமாக அவள் ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாள்.

பென்சில் விடயத்தில் நேர்சரியோடு நான் ஒத்துப்போக மாட்டேன். உங்கள் மகனுக்கு விஜயதசமியன்று அரிசியில் விரல் பிடித்து ஏடு தொடக்கியிருப்பீர்கள். அந்தச் சடங்கைச் செய்த நம் முன்னோர், அடுத்த நாளே பிள்ளைக்குப் பென்சிலைக் கொடுத்து நாலு பக்கம் எழுதச் சொல்லவில்லை. 'அ' என்ற எழுத்தையே கவனித்துப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு கிடைக்கோடு, ஒரு நிலைக்கோடு. நாலு வயது விரலுக்கு அது ஒரு மலை. என் வகுப்பில் 'ட', 'ப' என்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கி, வளைவுகளுக்கு மெதுவாக வந்து, சுழிகளைக் கடைசிக்கு வைப்பேன். பென்சில் பிடி வர, கையில் பலம் வர வேண்டும். அதற்குக் கொப்பி தேவையில்லை. ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஓர் உருண்டையை அவனிடம் கொடுங்கள். பயற்றங்காய் முறிக்கட்டும், அவித்த கடலை உரிக்கட்டும். பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனால் ஈர மணலில் விரலால் கீறட்டும். ஒரு குட்டைச் சோக்கட்டித் துண்டைக் கொடுத்தால், வேறு வழியில்லாமல் விரல் நுனியால்தான் பிடிப்பான்.

உண்மையில் முதலாம் தரத்தில் இளைய பிள்ளைகளைத் தோற்கடிப்பது எழுத்து இல்லை. ஒரு பையனை என்றும் மறக்க மாட்டேன். இடைவேளைக்கு எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால், இவன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பான். "பசிக்கவில்லையா" என்றால் தலையாட்டுவான். இரண்டு வாரம் நானும் கவனிக்கவில்லை. வீட்டில் தாயார், "பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறான் இல்லை, பிடிவாதம்" என்று அடித்தும் இருக்கிறார். ஒரு நாள் அவன் பின்னால் போய் நின்று பார்த்தேன். நாலு பக்கமும் கொளுவி இறுக்கும் விலை கூடிய பெட்டி. அவன் பெருவிரல் நுனி வெளுக்கும் வரை அழுத்துகிறான், கொளுவி அசையவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டான். நான் திறந்து கொடுத்தேன். உள்ளே இருந்த இடியப்பத்தை அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் தாயார் சாதாரண மூடி போட்ட பெட்டி கொடுத்துவிட்டார். அந்தப் பையனின் எழுத்து, நடத்தை, முகம் எல்லாமே அந்த மாதத்தில் மாறின.

ஆகவே ஜனவரிக்கு முன்னால் நீங்கள் செய்ய வேண்டிய வேலை இது: சாப்பாட்டுப் பெட்டியையும் தண்ணீர்ப் போத்தலையும் அவனே திறந்து மூடப் பழக்குங்கள், திறக்க முடியாததை வாங்காதீர்கள். காற்சட்டை சிப்பும் பொத்தானும் அவன் கைக்கு வர வேண்டும். தனியாக மலசலகூடம் போய்க் கழுவிக்கொண்டு வர வேண்டும். "டீச்சர், சிறுநீர் கழிக்கப் போக வேண்டும்" என்று தமிழில் ஒரு வசனம் கூச்சமில்லாமல் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத் தெரியாமல் வாங்கில் இருந்தபடியே நனைத்துவிட்டு, அந்த ஒரு நாளுக்காக ஒரு மாதம் பள்ளிக்கூடத்துக்கு வர மறுத்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். சப்பாத்து நாடா கட்ட இப்போது அவசரம் இல்லை, ஒட்டும் பட்டி போதும். ஒன்பதாம் தரப் பிள்ளை போல ஒன்றரை மணித்தியாலம் அசையாமல் இருக்கவும் அவன் பழக வேண்டியதில்லை. ஒரு கதையை இறுதிவரை கேட்டால் போதும். இரவில் நேரத்துக்குப் படுக்கப் பழக்குவதை மட்டும் நவம்பரிலேயே தொடங்குங்கள், வேன் ஆறே கால், ஆறரைக்கு வந்துவிடும்.

யார் பிந்தலாம் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதில் எல்லாப் பிள்ளைக்கும் பொருந்தாது. குறைமாதத்தில் பிறந்த பிள்ளை ஒன்று. மார்ச் மாதம் பிறக்க வேண்டியது ஜனவரியில் பிறந்துவிட்டால், அதன் உண்மையான வயதுக் கணக்கு அடுத்த வருடத்தோடுதான் சேரும். அந்தப் பெற்றோர் யோசிப்பது நியாயம். நீண்ட காலம் வைத்தியசாலையில் இருந்து, நேர்சரியே ஒழுங்காகப் போகாத பிள்ளை இன்னொன்று. வளர்ச்சிப் படிகளில் தெளிவான தாமதம் இருந்து, வைத்தியர் காரணத்தோடு பொறுக்கச் சொன்ன பிள்ளை மூன்றாவது. உங்கள் மகன் நிறைமாதத்தில் பிறந்தவன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இந்த மூன்றாவது விடயத்தில் நான் ஒரு பிழை விட்டிருக்கிறேன். நான் பயிற்சி முடித்து வந்த ஆரம்ப வருடங்களில் ஒரு தாய் வந்து, மகன் கூப்பிட்டால் திரும்புவதில்லை, சொன்னதைச் செய்வதில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டார். "சின்னப் பிள்ளைதானே, ஒரு வருடம் கழித்துக் கொண்டு வாருங்கள், முதிர்ச்சி வந்துவிடும்" என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன். ஒரு வருடம் கழித்து அதே பிள்ளை, அதே மாதிரி வந்தான். அப்போதுதான் பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினோம். இரண்டு நடுக்காதிலும் நீர் கட்டியிருந்தது. பிள்ளைக்கு அரைகுறையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. முதிர்ச்சி வரும் என்று நான் காத்திருக்கச் சொன்ன வருடம் முழுக்க, அவன் மொழி படிக்க வேண்டிய வருடம். அவனுடைய தாய் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. அதன் பிறகு, "இவன் பிந்தியிருக்கிறான்" என்று யார் சொன்னாலும் நான் கேட்பது ஒரே கேள்விதான்: காதும் கண்ணும் பார்த்துவிட்டீர்களா?

ஆகவே மகன் விடயத்தில் இதையும் செய்துவிடுங்கள். பிறந்தபோது தந்த பிள்ளை சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டை எடுங்கள். அதில் உயர, நிறைக் கோடுகளோடு வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன. ஊசி போட்டு முடிந்ததும் நாம் அதை அலுமாரியில் போட்டுவிடுகிறோம். அதைக் கொண்டுபோய் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடமோ கிளினிக் வைத்தியரிடமோ காட்டி, செவிப்புலனும் பார்வையும் பரிசோதிக்கக் கேளுங்கள். வீட்டில் தமிழிலும் வசனமாகப் பேசுவதில்லை, வெளியார் யாருக்கும் அவன் பேச்சு விளங்குவதில்லை என்றால் பேச்சுச் சிகிச்சையாளரைப் பார்க்க வேண்டும், அதுவும் இந்த மாதமே. அப்படி ஏதாவது இருந்தாலும், பாடசாலையைத் தள்ளிப்போடுவது சிகிச்சை ஆகாது. சிகிச்சையும் வகுப்பும் சேர்ந்தே போகலாம்.

சர்வதேசப் பாடசாலையில் போட்டால் என்ன என்று கணவர் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். பிரித்தானிய முறையில் செப்டெம்பரில் தொடங்கி, ஓகஸ்ட் கடைசியை எல்லையாக வைக்கும் இடங்களில் ஜனவரிப் பிள்ளை வகுப்பின் நடுவில் வந்துவிடுவான், இளையவனாக இருக்க மாட்டான். அதே பிள்ளை, அதே பென்சில், அங்கே யாரும் அவனைப் "பிந்தியவன்" என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் பதின்மூன்று வருடக் கட்டணத்தையும், அவன் தமிழில் எழுத வாசிக்கக் கற்பானா என்பதையும் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு அது. ஏழு நாள் வித்தியாசத்துக்குப் பயந்து எடுக்க வேண்டியதில்லை.

சேர்த்த பிறகு முதல் வருடத்தில் அவனைக் காப்பாற்றுவதுதான் உங்கள் பங்கு. முதல் வாரமே வகுப்பாசிரியையிடம் போய், "டீச்சர், இவன் ஜனவரி 24. வகுப்பில் இளையவனாக இருப்பான் என்று நினைக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். முறைப்பாடாகச் சொல்லாமல் தகவலாகச் சொன்னால் எந்த ஆசிரியையும் மனதில் வைத்துக்கொள்வார். முதலாம் தரத்திலேயே புலமைப்பரிசில் கதையை வீட்டில் எடுக்காதீர்கள். ஐந்தாம் தரத்துக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது. பின்னேரம் டியூஷன் போடாதீர்கள், இளைய பிள்ளை முதலில் களைத்துவிடும், களைத்த பிள்ளையைத்தான் எல்லோரும் மக்கு என்பார்கள். பெப்ரவரியில் பிறந்த அடுத்த வீட்டுப் பிள்ளையின் கொப்பியை வாங்கி அவன் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே பார்க்காதீர்கள். அவனுடைய மார்ச் மாதக் கொப்பியை எடுத்துவைத்து, ஜூலையில் அவனுக்கே காட்டுங்கள்.

அழுவான். முதல் மூன்று நாளோ, மூன்று வாரமோ. கேட்டில் நின்று நீங்களும் அழ வேண்டாம், ஒளிந்து நின்று எட்டிப் பார்க்கவும் வேண்டாம், அவன் கண்டுவிடுவான். "பதினொன்றரைக்கு இந்த மரத்தடியில் நிற்பேன்" என்று ஓர் இடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். 11.25 க்கே வந்து, சொன்ன அதே இடத்தில் நில்லுங்கள்.